அவசர அலுமாரித் திறப்பு விழா

"மாமி, மாட்டின்ரை தோலை உங்கடை கன்னத்துக்குள்ளை வைச்சவையெண்டால், வாலை எங்கை வைச்சவை?"

இப்படிக் கேட்டவள் பெர்னடெட். வயது ஆறு. கேட்கப்பட்டவள் அவளுடைய தகப்பனின் தங்கை மக்டலீன். குருநகரில், வலை காயப்போட்டிருந்த முற்றத்தில் குந்தியிருந்த மக்டலீன் பதில் சொல்லவில்லை. பதில் தெரியாமலில்லை, உதடு அசையவில்லை. வலது கன்னம் சிவந்து, ஒரு கறுத்தக்கொழும்பான் மாம்பழத்தை உள்ளே ஒளித்து வைத்ததுபோல வீங்கியிருந்தது. இடது கன்னமும் அதைப் பார்த்து மெல்ல மெல்லப் பழகிக்கொண்டிருந்தது.

பிறகு படித்த பெரிய மனிதர்கள் அவளிடம் கேட்ட கேள்விகளோடு வைத்துப் பார்த்தால், அந்தப் பிள்ளையின் கேள்விதான் எல்லாவற்றிலும் பொறுப்பானது.

நடந்தது இதுதான். மக்டலீனுக்குச் சிறு வயதில் பொக்குளிப்பான் வந்து, கன்னங்களில் நாலைந்து குழிகளை விட்டுப் போயிருந்தது. அந்தக் குழிகளோடு அவள் பூசைக்குப் போனாள், கிழிந்த வலை பொத்தினாள், வாய்விட்டுச் சிரித்தாள். ஒருவரும் குறை சொல்லவில்லை. 1986ஆம் ஆண்டு பிரான்சிலிருந்து ஒரு சம்பந்தம் பேசி வந்தது. மாப்பிள்ளையின் தமக்கை வெள்ளவத்தையில் இருந்தாள். அவள் மக்டலீனைக் கொழும்புக்கு வரவழைத்து, யன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "பிள்ளை தங்கமான பிள்ளை. உந்தக் குழியளை மட்டும் நிரப்பினால் தம்பிக்குப் போட்டோ அனுப்பலாம்" என்றாள்.

குழி நிரப்புவதற்கென்றே ஒரு தனியார் கிளினிக் இருந்தது. கன்றுக்குட்டியின் தோலிலிருந்து எடுத்துச் சுத்தமாக்கிய கொலாஜன் என்ற பசையை அங்கே ஊசியால் ஏற்றுவார்கள். முதலில் முழங்கையில் ஒரு துளி ஏற்றி, ஒரு மாதம் பார்த்து, உடம்பு ஒத்துக்கொள்கிறது என்று கண்ட பிறகே முகத்தில் தொடவேண்டும் என்று மருந்துப் பெட்டியிலேயே எழுதியிருந்தது. மாப்பிள்ளையின் தமக்கைக்கு ஒரு மாதம் பொறுக்க நேரமில்லை. கிளினிக்குக்குப் பொறுக்க மனமில்லை. கையை விட்டுவிட்டு நேரே முகத்துக்குப் போனார்கள். படமும் எடுத்தார்கள். மக்டலீன் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்து, பயணக் களைப்பும் மறந்த பிறகுதான் முகம் வீங்கத் தொடங்கியது.

பெரியாஸ்பத்திரிக்குப் போகிற வீதி கோட்டைக்குப் பக்கத்தால் போகிறது. அந்தக் கிழமை அங்கே ஷெல் விழுந்துகொண்டிருந்தது. ஆகவே அண்ணன் சந்தியோகு தங்கையைச் சைக்கிள் பாரில் ஏற்றிக்கொண்டு, அருளொளி நலன்புரி வைத்தியசாலைக்குப் போனார்.

அருளொளி பொதுமக்களின் பணத்தில் கட்டப்பட்ட தர்ம வைத்தியசாலை. இதை அங்கே மறக்க முடியாது. வாசற்படியில் ஒரு பெயர், கிணற்றுக்கட்டில் ஒரு பெயர், நோயாளிகள் இருக்கிற வாங்கு ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு பெயர். சக்கர நாற்காலியின் முதுகில் உபயகாரரின் காலஞ்சென்ற தந்தையார் பெயர் பொறித்திருந்தபடியால், நோயாளிகள் அதில் சாய்ந்து இருந்து பெயரை மறைக்கக்கூடாது என்று சுவரில் அறிவித்தல் இருந்தது.

யன்னலுக்கு உள்ளே கிளாக்கர் இருந்தார்.

"என்ன வருத்தம்?"

"முகம் வீங்கிப்போச்சு, ஐயா," என்றார் சந்தியோகு.

"அது வீக்கம். நான் கேட்டது வருத்தத்தின்ரை பெயரை."

"அதை அறியத்தானே ஐயா டொக்டரிட்டை வந்தனாங்கள்."

"பெயர் தெரியாமல் துண்டு எழுதேலாது. துண்டில்லாமல் டொக்டரைப் பாக்கேலாது."

"டொக்டரைப் பாத்தால்தானே ஐயா பெயர் தெரியும்?"

"அதைத்தான் எல்லாரும் சொல்லுகினம்," என்றார் கிளாக்கர், பரிவோடு.

சந்தியோகு கடலில் காற்றோடு கதைத்துப் பழகியவர். கோபப்படாமல் முழுக் கதையையும் சொன்னார். கிளாக்கர் யாப்பு என்ற வைத்தியசாலையின் விதிப் புத்தகத்தைப் புரட்டினார். யாப்பின்படி நோய் மூன்று வகைப்படும்: கடவுள் தந்தது, பிறர் தந்தது, தானாக வருவித்தது. மூன்றாம் வகைக்குப் பொலிஸ் கடிதம் வேண்டும்.

"அழகுக்கெண்டு ஊசி போட்டது தானாக வருவிச்சது. பொலிசிலை ஒரு கடிதம் எடுத்துக்கொண்டு வாங்கோ."

"பொலிஸ் எங்கை ஐயா இருக்கு? அவை கோட்டைக்குள்ளை ஒதுங்கி ரெண்டு வருசமாகுது."

"அது எங்கடை யாப்பிலை இல்லை."

சந்தியோகு சொன்னதைச் செய்கிற மனிதர். தங்கையை வாங்கில் இருத்திவிட்டுப் போய், முன்னொரு காலம் பொலிஸ் நிலையமாயிருந்த கட்டடத்தைப் பார்த்துவிட்டு வந்தார். உள்ளே ஆடுகள் படுத்திருந்தன. இதைக் கேட்ட கிளாக்கர் யாப்பை இன்னொருமுறை புரட்டினார். ஆட்டிடம் கடிதம் வாங்கமுடியாது என்பதை அவரும் ஒத்துக்கொண்டார். கடைசியில், ஊசியைப் போட்டவர் வேறொருவர் என்றபடியால் இதைப் 'பிறர் தந்தது' என்று எடுக்கலாம் என முடிவுசெய்து, துண்டில் 'அடிதடி' என்று எழுதிக் கொடுத்தார்.

அடிதடி வாங்கில் ஏற்கெனவே ஒருவர் தலையில் கட்டோடு இருந்தார். கள்ளுத் தவறணையிலிருந்து நேரே வந்திருந்தார். மக்டலீனின் முகத்தைப் பார்த்ததும் தன்னுடைய காயம் அவருக்குச் சிறிதாகிவிட்டது.

"ஐயோ, பிள்ளைக்கு ஆர் அடிச்சது?"

"மாடு," என்றார் சந்தியோகு, விளக்க நேரமில்லாமல்.

"இடிச்சதோ, உதைச்சதோ?"

"உள்ளுக்கை போயிட்டுது."

தலைக்கட்டுக்காரர் கொஞ்சம் தள்ளி இருந்துகொண்டார்.

டொக்டர் நாகேஸ்வரி இளம் பெண். மக்டலீனின் கன்னத்தைத் தொட்ட உடனேயே அவருக்கு விளங்கிவிட்டது. "இது ஒவ்வாமை. உடம்பு அந்த மாட்டுப் பசையை எதிரியெண்டு நினைச்சுச் சண்டை பிடிக்குது. பிரெட்னிசலோன் குளிசையை ஒரு அளவிலை துடங்கி, மெல்ல மெல்லக் குறைச்சுக்கொண்டு வந்தால் வீக்கம் வத்தும். பயப்பிடாதேங்கோ" என்றார். பிறகு சந்தியோகுவைத் தனியாக அழைத்துத் தணிந்த குரலில் சொன்னார்: "அண்ணை, வாய்க்குள்ளையும் வீங்கத் துடங்கியிருக்கு. தொண்டைக்குள்ளை இறங்கினால் மூச்சுக்குக் கஷ்டம். குளிசையைத் துடங்கவேணும், சுணங்கக்கூடாது."

"அப்ப தாங்கோவன், டொக்டர்."

டொக்டர் மண்டபத்துப் பக்கம் திரும்பினார். "ரவுணிலை ஒரு பாமசியிலையும் இல்லை. பெரியாஸ்பத்திரிக்கும் போன கிழமையே ஆள் விட்டுக் கேட்டனான். மருந்து லொறி வரேல்லையாம். கிட்டடியிலை இருக்கிறது ஒரே ஒரு போத்தல். அது அங்கை இருக்கு."

அவர் காட்டிய இடத்தில், மண்டபத்தின் நடுவில், ஆளுயரத்துக்கு ஒரு தேக்கு அலுமாரி நின்றது. நெற்றியில் சிவப்பு எழுத்து: அவசர அலுமாரி. கீழே மூன்று பூட்டுகள்.

அந்தப் பூட்டுகளுக்கு ஒரு வரலாறு உண்டு. வைத்தியசாலையைத் தொடங்கியவர்கள் மூன்று பேர். தலைவர், கோட்டிலை வழக்குப் பேசி இளைப்பாறிய பிரக்கிராசி அம்பலவாணர். செயலாளர், இளைப்பாறிய தபாலதிபர் அடைக்கலநாதன். பொருளாளர், இரும்புக்கடை கலந்தர் ஹாஜியார். சைவம், கிறிஸ்தவ வேதம், இஸ்லாம் மூன்றும் ஒரே மேசையில் இருப்பதைக் காட்ட வெளிநாட்டுக்காரரைக் கூட்டிவருவது வழக்கமாயிருந்தது. அடிக்கல்லில் யாருடைய பெயர் முதலில் வருவது என்ற பிரச்சினை எழுந்த நாளிலிருந்து மூன்று பேரும் ஒருவரோடொருவர் கதைப்பதில்லை. ஒருவர் இல்லாத நேரம் மற்றவர் அலுமாரியைத் திறந்து புண்ணியம் தேடிக்கொள்வாரோ என்று பயந்து, ஆளுக்கொரு பூட்டைப் போட்டு, ஆளுக்கொரு திறப்பை அரைஞாணில் கட்டிக்கொண்டார்கள். ஒருமுறை கொழும்பிலிருந்து ஒரு தொண்டர் அமைப்பு மருந்து கொண்டுவந்தபோது, படம் பிடிப்பதற்காக மூவரும் ஒன்றாக நின்றார்கள். அன்றைக்கு உள்ளே வைத்துப் பூட்டியதுதான் அந்தப் போத்தல்.

அலுமாரி அதன் பிறகு திறக்கப்படவேயில்லை. 'இவ்வாண்டும் எமது வைத்தியசாலையில் அவசரம் எதுவும் நிகழவில்லை' என்று வருடாந்த அறிக்கை பெருமையோடு கூறியது.

"பூட்டை உடைச்சால் என்ன?" என்றார் சந்தியோகு.

"எனக்கு முந்தியிருந்த டொக்டர் அதைத்தான் செய்யப்போனவர். வேலை போய், இப்ப அவர் மன்னாரிலை இருக்கிறார்."

ஆகவே அவசரக் கூட்டம் கூட்டப்பட்டது. யாப்பின்படி அவசரக் கூட்டத்துக்கு ஒரு கிழமை முன்னறிவித்தல் வேண்டும். அந்த ஒரு கிழமையில் மக்டலீனின் வலது கண் மூடியது. சோறு இறங்கவில்லை, கஞ்சியைக் கரண்டியால் பருக்கினார்கள். படுத்தால் தொண்டை அடைப்பதுபோலிருந்தபடியால் சுவரில் சாய்ந்து இருந்தபடியே கண்ணயர்ந்தாள். பெர்னடெட் மாமியின் நல்ல பக்கத்தில் இருந்து விசிறிக்கொண்டிருந்தாள்.

கூட்டத்துக்கு நோயாளியும் வரவேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். 'சான்றுப் பொருளாக' என்பது கிளாக்கரின் வார்த்தை.

குத்துவிளக்கு ஏற்றினார்கள். தேவாரம் பாடினார்கள். நடுநிலை தவறக்கூடாது என்று ஒரு செபமும் ஒரு துஆவும் நடந்தன. ஒவ்வொன்றும் மற்றதைவிடச் சற்று நீண்டது. பிறகு அமரராகிவிட்ட உபயகாரர்களுக்காக எழுந்து நின்றார்கள். உயிரோடிருந்த நோயாளிக்கு நிற்க முடியாதபடியால் அவளைச் சந்தியோகு பிடித்துக்கொண்டார். பிறகு தேத்தண்ணியும் வடையும். அதன் பிறகு தலைமையுரை.

"இஞ்சை இருக்கிற இந்தப் பிள்ளையின்ரை முகம் ஒரு தனி மனிசரின்ரை முகமில்லை," என்று தொடங்கினார் அம்பலவாணர். "இது எங்கடை வைத்தியசாலையின்ரை முகம். நோயாளியள் வருவினம், போவினம். யாப்பு நிக்கும். இண்டைக்கு ஒரு முகத்துக்காக அலுமாரியைத் திறந்தமெண்டால், நாளைக்கு ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு வருத்தத்தோடை வந்து நிப்பினம். பிறகு இது ஆஸ்பத்திரிமாதிரி ஆகிப்போகும்!"

கைதட்டினார்கள்.

"இத்தனை வருசத்திலை ஒரு நோயாளியின்ரை கைகூட அந்த அலுமாரியிலை பட்டதில்லை. போய் அதின்ரை வார்ணிசைப் பாருங்கோ. முகம் பாக்கலாம்."

டொக்டர் நாகேஸ்வரி எழுந்தார். "ஐயா, அவவுக்கு மூச்சு விடவே—"

"பிள்ளை, தலைவர் கதைக்கேக்கை மூச்சு விடக்கூடாது," என்றார் அம்பலவாணர். அவர் பகிடி விடவில்லை.

அடுத்து, செயலாளர் தலைவரிடம் ஒரு விளக்கம் கேட்க விரும்பினார். அவர்கள் கதைப்பதில்லையாதலால், பக்கத்தில் இருந்த தலைவருக்குச் சொல்லும்படி கிளாக்கரிடம் சொன்னார்.

"அந்த ஊசி எந்தக் கிழமை போட்டதெண்டு கேளும். தபசுகால வெள்ளிக்கிழமையெண்டால் எங்கடை வேதத்திலை மாமிசம் விலக்கு. வாயாலை போனாலென்ன, கன்னத்தாலை போனாலென்ன."

மண்டபம் விழித்துக்கொண்டது. அதுவரை ஒரு முகம் என்றிருந்த விடயம் இப்போது ஒரு மாடாகிவிட்டது. நோயாளியைப் பற்றி அவர்களுக்கு ஒன்றும் தெரியாது. மாட்டைப் பற்றி எல்லாருக்கும் அபிப்பிராயம் இருந்தது.

"பசுவோ, எருதோ?" என்றார் தலைவர், கிளாக்கரைப் பார்த்து. "பசுவெண்டால் சைவப் பெருமக்கள் உபயம் பண்ணின அலுமாரியிலையிருந்து நான் மருந்து எடுத்துக் குடுக்கேலாது."

"முறையா அறுத்ததோ, தானாச் செத்ததோ?" என்றார் கலந்தர் ஹாஜியார். "அதை விளங்காமல் என்ரை திறப்பை நான் அவுக்கமாட்டன்."

"கண்டுக்குட்டி, ஐயா," என்றார் சந்தியோகு, உதவி செய்கிற எண்ணத்தில்.

"ஆண் கண்டோ, பெண் கண்டோ?"

சந்தியோகு தங்கையைப் பார்த்தார். ஊசி போட்ட நேரத்தில் இதைக் கேட்டு வைக்கவேண்டுமென்று அவளுக்கும் தோன்றியிருக்கவில்லை.

மாட்டின் பாலினம், வயது, உணவு, மரணம் ஆகியவற்றை அறிய ஓர் உபகுழு நியமிக்கப்பட்டது. நன்றியுரையில் நோயாளிக்கும் நன்றி சொன்னார்கள்.

வெளியே விறாந்தை வாங்கில் மக்டலீனைக் கொண்டுவந்து இருத்திவிட்டு, சந்தியோகு முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டார். கடலில் தகப்பனைப் பறிகொடுத்தபோது அழாத மனிதர் அவர்.

அதே வாங்கில் சோனகதெருவைச் சேர்ந்த சுஹறா உம்மா இருந்தார். தொய்வு வருத்தக்காரர், மாரி வந்தால் மூச்சு இழுக்கும். ஐம்பது வயதிருக்கும். கூட்டம் முழுவதையும் யன்னலால் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

"மகள், கோவிக்காதே. உன்னைக் கண்டவுடனை பலூனுக்குச் சீலை உடுத்திக் கூட்டிவந்திருக்கினமெண்டு நினைச்சன்."

மக்டலீனுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் நொந்தது. நொந்ததால் கண்ணீர் வந்தது; மூடிய கண்ணிலிருந்தும் வந்தது.

"உள்ளை இருக்கிறவைக்குச் செத்த மாட்டின்ரை மையத்து வீட்டுக்குப் போற அவசரம். உன்ரை மூச்சைப் பற்றி ஆர் கேட்டது?" சுஹறா உம்மா மடியை அவிழ்த்து ஒரு பொட்டலத்தை எடுத்தார். "டொக்டர் சொன்னது இந்த வெள்ளைக் குளிசைதானே? தொய்வுக்கும் இதுதான். கொழும்பாலை மகன் அனுப்பினவன். மாரிக்கெண்டு வைச்சிருக்கிறன். இப்ப நல்ல வெயில்தானே. பிடி."

"உம்மா, உங்களுக்கு?" என்று மக்டலீன் கேட்டதாக நினைத்தாள். வெளியே வந்தது ஒரு முனகல்.

அது சுஹறா உம்மாவுக்கு விளங்கியது. "மழை வரேக்கை அல்லாஹ் ஒரு வழி காட்டுவான். இப்ப நீதான் மழையிலை நிக்கிறாய்."

கூட்டத்திலிருந்து வெளியே வந்த டொக்டர் நாகேஸ்வரி குளிசைகளைப் பார்த்தார், திகதியைப் பார்த்தார், இரண்டு பெண்களையும் பார்த்தார். பிறகு எப்படிப் போடவேண்டும், எப்படிக் குறைக்கவேண்டும் என்று சந்தியோகுவுக்குப் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தார். முதல் வேளையை விறாந்தையிலேயே, வைத்தியசாலைக் குழாய்த் தண்ணீரில் கரைத்துக் கொடுத்தார். அந்தக் குழாயிலும் ஒரு பெயர் இருந்தது.

முகம் வற்றியது. முதலில் தொண்டை திறந்தது, பிறகு கண், பிறகு உதடு. மாதம் ஒன்று கழிய, கன்னத்தில் பழைய குழிகள் பழைய இடங்களிலேயே வந்து நின்றன. கொழும்பிலிருந்து வந்த ஒருவர் மூலம் மாப்பிள்ளையின் தமக்கை ஒரு செய்தி அனுப்பினாள்: படம் பிடித்திருக்கிறது, ஆனால் முகம் நம்பிக்கையில்லாதது என்று கேள்விப்பட்டோம், ஆகவே வேறு இடம் பார்க்கிறோம். மக்டலீன் அன்றைக்கு இரண்டு வலை பொத்தினாள்.

உபகுழு இதையொன்றும் அறியாமல் உழைத்துக்கொண்டிருந்தது. கிளினிக்கிலிருந்து பதில் எடுத்தது. கன்று அமெரிக்காவில் வளர்ந்தது. வேலி அடைத்த பண்ணையில், புல்லும் தானியமும் தவிர வேறெதுவும் தின்னாதது. "அப்ப அது சைவக் கண்டுதான்," என்று தலைவர் மன ஆறுதல் அடைந்தார். சாப்பிடாமல் ஏற்றியது சாப்பாட்டில் சேராது என்று பொருளாளருக்கு யாரோ சொன்னார்கள். ஊசி போட்டது புதன்கிழமை என்று தெரிந்ததும் செயலாளரும் இறங்கிவந்தார். கார்த்திகை மாதத்தில் ஒரு நாள், அவசர அலுமாரித் திறப்பு விழாவுக்கு அழைப்பிதழ் அச்சாகியது.

மக்டலீன் போவதாக இருக்கவில்லை. ஆனால் அந்தக் கிழமை மாரி பிடித்துக்கொண்டது. சந்தையில் மீன் விற்றுவிட்டு வந்த சந்தியோகு, "சுஹறா உம்மாவை அருளொளி வாசல்லை கண்டனான். ரெண்டு வசனம் சேந்து கதைக்க ஏலாமல் இருக்கு மனிசிக்கு. மகன் குளிசை அனுப்பவும் வழியில்லை, பாதையைப் பூட்டிப்போட்டினமாம்" என்றார். மக்டலீன் ஓடிப்போய் டொக்டரைக் கேட்டாள்.

"துண்டு எழுதிக் குடுத்திருக்கிறன். குளிசைதான் இல்லை," என்றார் டொக்டர். "தன்னட்டை இருந்ததை உங்களுக்குத் தந்ததை அவ ஒரு சொல்லுக்கூடச் சொல்லேல்லை."

மக்டலீன் கிளாக்கரிடம் போனாள். "ஐயா, எனக்கு இப்ப சுகம். அலுமாரியிலை இருக்கிறதைச் சுஹறா உம்மாவுக்குக் குடுங்கோ."

"அலுமாரி திறக்கிறது உம்மடை முகத்துக்கு. அவவின்ரை மூச்சுக்கு வேறை விண்ணப்பம், வேறை கூட்டம்."

"எவ்வளவு காலம் செல்லும்?"

"மாடு இல்லாத வருத்தம்தானே. மாசிக்குள்ளை முடியும்."

ஆகவே மக்டலீன் விழாவுக்குப் போனாள்.

வாழை கட்டி, மாவிலைத் தோரணம் தொங்கவிட்டு, அலுமாரியைச் சுற்றிச் சிவப்பு நாடா சுற்றியிருந்தார்கள். ஒரு பக்கம் நாதஸ்வரம், மறுபக்கம் பாடசாலை பாண்ட் வாத்தியம். மூன்று தட்டுகளில் மூன்று திறப்புகள் வந்தன. எந்தத் திறப்பு முதலில் என்பதில் ஒரு சிறு தடங்கல் ஏற்பட்டு, மூவரும் ஒரே நேரத்தில் திருப்புவதென்று கிளாக்கர் மத்தியஸ்தம் செய்தார். மூன்று பெரியவர்களின் கைகளும் ஒரே கதவில் நெருக்குப்பட்டன. நாடா அறுந்தது, அலுமாரி திறந்தது.

உள்ளே சிவப்பு நாடாச் சுருள்கள் இருந்தன. நாடா வெட்டும் வெள்ளிக் கத்தரிக்கோல் இருந்தது. மடித்து வைத்த பொன்னாடைகள் இருந்தன. கடைசித் தட்டின் மூலையில், அந்தப் போத்தல். டொக்டர் எட்டிப்பார்த்துத் திகதியை வாசித்தார். இன்னும் ஒரு வருடம் இருந்தது. அருளொளியில் நடந்த ஒரே புதுமை அது.

"நோயாளியைக் கூட்டிவாருங்கோ," என்றார் தலைவர்.

மக்டலீன் மேடைக்கு வந்தாள். தலைவர் அவளைப் பார்த்தார். அவளுக்குப் பின்னால் வேறு யாராவது வருகிறார்களா என்றும் பார்த்தார்.

"வீக்கம் எங்கை?"

"வத்திப்போச்சு, ஐயா."

"ஆரைக் கேட்டு?"

சபை சலசலத்தது. மூன்று பெரியவர்களும் பல வருடங்களுக்குப் பிறகு நேருக்கு நேர் கதைத்தார்கள்.

"இது நன்றிகெட்ட வேலை," என்றார் தலைவர்.

"எங்கடை மருந்துக்கு முந்தி சுகம் வந்தது ஒழுங்கீனம்," என்றார் செயலாளர்.

"சுகமான ஆளுக்கு மருந்து குடுத்தால் கணக்காய்வுக்கு என்ன சொல்லுறது? போத்தலைத் திருப்பி உள்ளை வையுங்கோ, பூட்டுவம்," என்றார் பொருளாளர்.

போத்தல் உள்ளே போகத் திரும்பியது. மக்டலீன் அலுமாரிப் பக்கம் ஓர் அடி வைத்தாள். அதற்குள் படப்பிடிப்பாளர் முன்னுக்கு வந்தார். மழைக்குள்ளால் கமராவைக் காப்பாற்றிக் கொண்டுவந்தவர். வெறுங்கையோடு போக அவருக்கு மனமில்லை. "ஐயாமார், படத்திலை வீக்கம் தெரிஞ்சால் போதும்தானே? தங்கச்சி, கன்னத்தைக் கொஞ்சம் ஊதுங்கோ பாப்பம்."

மூவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். யாப்பில் இதற்குத் தடை இருக்கவில்லை.

மக்டலீன் அண்ணனைப் பார்த்தாள். சந்தியோகுவின் முகம் கறுத்துப் போயிருந்தது. அவள் ஏன் வந்தாள் என்று அவருக்குத் தெரியும்.

"ஊது, பிள்ளை," என்றார் மெதுவாக. "பேத்தை மீன் ஊதிறமாதிரி ஊது. சுத்தி நிக்கிறது ஆரெண்டு பாக்காதை."

அவள் ஊதினாள்.

"வலப்பக்கம் இன்னும் கொஞ்சம். கண்ணையும் மூடினால் நல்லம். ஐயாமார், பரிவாப் பாருங்கோ."

ஐயாமார் பரிவாகப் பார்த்தார்கள். டொக்டர் நாகேஸ்வரி நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். வெளிச்சம் மின்னியது. போத்தல் அவள் கைக்கு வந்தது. கூடவே தோளில் ஒரு பொன்னாடை விழுந்தது.

"வைத்தியம் என்பது உடம்புக்குச் செய்யிறதில்லை," என்று தலைவர் நிறைவுரையில் சொன்னார். "நிறுவனத்துக்குச் செய்யிறது. இண்டைக்கு எங்கடை நிறுவனம் பூரண சுகத்தோடை இருக்கு."

உரை முடிவதற்குள் மக்டலீன் பின்வாசலால் இறங்கிவிட்டாள். அண்ணனிடமும் சொல்லவில்லை. மழை சரித்து அடித்தது. போத்தல் நனையாமல் பொன்னாடையைச் சுற்றி நெஞ்சோடு பிடித்துக்கொண்டாள். அந்த ஆடை அதுவரை செய்த ஒரே வேலை அதுவாகத்தான் இருக்கும்.

சோனகதெருவில் ஆள் நடமாட்டமில்லை. சுஹறா உம்மாவின் வீட்டு முன்கதவு சாத்தியிருந்தது. பக்கத்து யன்னலின் ஒரு கதவு மூச்சுக் காற்றுக்காகத் திறந்திருந்தது. உள்ளே, கட்டிலில் தலையணைகளை அடுக்கி அவற்றில் சாய்ந்து இருந்தபடியே உம்மா நித்திரையாயிருந்தார். வாய் திறந்திருந்தது. ஒவ்வொரு மூச்சும் ஒரு சிறு விசில் சத்தத்தோடு போய், யோசித்து, திரும்பி வந்தது. யன்னலோரத்து முக்காலியில் ஒரு கோப்பைத் தண்ணீர் மூடி வைத்திருந்தது.

மக்டலீன் கூப்பிட வாயெடுத்தாள். எத்தனை இரவுகள் இருந்தபடியே விழித்திருந்த பிறகு வந்த நித்திரையோ அது! நன்றி சொல்வதற்காக அதைக் கலைக்க அவளுக்கு மனம் வரவில்லை. யன்னல் கம்பிகளுக்குள்ளால் கையை நீட்டி, போத்தலைத் தண்ணீர்க் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தாள். கையை எடுக்கப் போனவள், மீண்டும் நீட்டினாள்.

மூச்சு இழுக்கிற நேரத்தில் விரலில் பலம் இராது. போத்தலின் மூடியைத் தளர்த்தி, தொட்டால் திறக்கக்கூடியதாக விட்டுவிட்டு, மழைக்குள் நடந்தாள்.